பக் மாட்யூலில் வோல்டேஜ் செட் செய்வது: பிரீசெட் முதல் டிஜிட்டல் கட்டளை வரை

12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலானோர் கை வைப்பது வோல்டேஜைக் குறைத்துக்கொடுக்கும் 'பக்' வகை எல்எம்2596 மாட்யூலில்தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் அதே சின்னப் பலகை: நீலப் பெட்டி போன்ற பிரீசெட் (திருகித் தடையை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்று, காயில் ஒன்று, இரண்டு கெபாசிட்டர்கள். பித்தளைத் திருகைத் திருப்பி மல்டிமீட்டரில் 5.00 வந்ததும் வேலை முடிந்தது என்று பெட்டியை மூடிவிடுகிறோம். அந்த 5.00 எந்த இணைப்பை நம்பி நிற்கிறது, அது விட்டுப்போனால் வெளியீடு எங்கே போகும் என்பதையும் பார்த்தால்தான் வோல்டேஜை முழுமையாகச் செட் செய்ததாகும். திருகால் வைத்தாலும், மைக்ரோகன்ட்ரோலரால் மாற்றினாலும், டிஜிட்டல் கட்டளை அனுப்பினாலும் கேள்வி இதேதான்.

சிப் பார்ப்பது 1.23 வோல்ட்டை மட்டும்

வெளியீட்டில் 5 வோல்ட் இருக்கிறதா 12 இருக்கிறதா என்பது எல்எம்2596 சிப்புக்குத் தெரியாது. அது தன் ஃபீட்பேக் பின்னில் இருக்கும் வோல்டேஜை உள்ளே இருக்கும் 1.23 வோல்ட்டோடு ஒப்பிடுகிறது. குறைவாக இருந்தால் ஸ்விட்ச்சை அதிக நேரம் ஆன் செய்கிறது, கூடினால் குறைக்கிறது. நொடிக்கு 1,50,000 முறை நடப்பது இவ்வளவுதான். வெளியீட்டிலிருந்து ஃபீட்பேக் பின்னுக்கு ஒரு ரெசிஸ்டர் (ஆர்2), அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொன்று (ஆர்1). கணக்கு:

வெளியீடு = 1.23 × (1 + ஆர்2 ÷ ஆர்1)

பரவலாகக் கிடைக்கும் பலகையில் ஆர்1 என்பது 331 என்று அச்சிட்ட 330 ஓம் எஸ்எம்டி ரெசிஸ்டர். ஆர்2 இடத்தில் 25 சுற்று, 10 கிலோ ஓம் பிரீசெட். மேலே 103 என்று போட்டிருக்கும். அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்கு 400 ஓம், வெளியீட்டில் கிட்டத்தட்ட 1.5 வோல்ட். 5 வோல்ட்டுக்கு ஆர்2 சுமார் 1,011 ஓம் ஆக வேண்டும். பூஜ்ய முனையிலிருந்து எண்ணினால் இரண்டரைச் சுற்று. 12 வோல்ட்டுக்கு 2,890 ஓம், ஏழு சுற்றுக்குச் சற்று மேல். மீதி 18 சுற்றுகள் 12 வோல்ட்டுக்கு மேற்பட்ட வோல்டேஜ்களுக்கானவை.

புதிதாக வாங்கியவர்களைக் குழப்பும் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. 12 வோல்ட் உள்ளீடு கொடுத்திருக்கிறோம், பிரீசெட் நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் சிப் கிட்டத்தட்ட 20 வோல்ட் கொடுக்க முயல்கிறது. முடியாததால் ஸ்விட்ச்சை முழுக்க ஆன் செய்துவைத்து, உள்ளீட்டைவிடச் சற்றுக் குறைவாக வெளியே தள்ளுகிறது. திருகை ஒரு சுற்று, இரண்டு சுற்று, நான்கு சுற்று திருப்பினாலும் மீட்டர் அசையாது. மாட்யூல் பழுது என்று பலர் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டே போங்கள்; ஆர்2 சுமார் 2.7 கிலோ ஓமுக்குக் கீழே வந்ததும் வோல்டேஜ் இறங்கத் தொடங்கும். 25 சுற்றும் போய்விட்டால் திருகு முட்டி நிற்காது. உள்ளே கிளச் இருப்பதால் லேசான டிக் சத்தத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். சில பலகைகளில் திசை மாறியிருக்கும் என்பதால், கிளிக் கேட்கும்வரை ஒரு பக்கம் போய்ப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

வேறு சிப் என்றால் 1.23-க்குப் பதிலாக அதன் எண்ணைப் போட வேண்டும். எம்பி1584-க்கு 0.8, மினி360 பலகையில் வரும் எம்பி2307-க்கு 0.925, எக்ஸ்எல்6009-க்கு 1.25, எம்டி3608-க்கு 0.6. கடைசி இரண்டும் வோல்டேஜை ஏற்றும் பூஸ்ட் வகை.

செட் செய்யும் முறை

முதலில் லோடை (மாட்யூலிலிருந்து பவர் எடுக்கும் கருவியை) கழற்றிவிடுங்கள். ஈஎஸ்பி32 போர்டையோ ராஸ்ப்பெரி பையையோ மாட்டிவைத்துக்கொண்டு திருகைத் தேடுவது, அந்தப் போர்டைப் பணயம் வைப்பது. அதற்குப் பதில் வெளியீட்டில் 22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டுங்கள். 5 வோல்ட்டில் அது சுமார் 230 மில்லியாம்ப் இழுக்கும், ஒரு வாட்டுக்குச் சற்று மேல் சூடாகும். மாட்யூல் இன்னும் இறங்காமல் 11 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தால் ரெசிஸ்டர் ஐந்தரை வாட் வாங்கும். எனவே லோடு இல்லாமல் 6 வோல்ட் அளவுக்கு இறக்கிவிட்டு அப்புறம் கட்டுவது நல்லது.

உள்ளீடு வெளியீட்டைவிட எவ்வளவு கூடுதலாக வேண்டும்? 3 ஆம்ப் ஓடும்போது சிப்பின் ஸ்விட்ச்சிலேயே 1.16 வோல்ட் விழும்; மோசமான சிப்பில் 1.4. காயிலின் தடையும் வயரும் சேர்ந்தால் 2 வோல்ட் இடைவெளி வைப்பதே பாதுகாப்பான கணக்கு. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 12 வோல்ட் 'ரெகுலேட்' செய்ய இந்த மாட்யூலால் முடியாது. மேல்பக்கம் சிப்பின் எல்லை 40 வோல்ட். ஆனால் பெரும்பாலான பலகைகளில் வெளியீட்டுக் கெபாசிட்டர் 35 வோல்ட்தான். 10 கிலோ ஓம் பிரீசெட்டோ கணக்குப்படி 38.5 வோல்ட்வரை கேட்கும். 40 வோல்ட் உள்ளீடு கொடுத்துவிட்டு வலது பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் முதலில் போவது அந்தக் கெபாசிட்டர்.

5.00 வைத்த பிறகு உண்மையான லோடின் பாதி அளவு ஓடவிட்டு, பத்து நிமிடம் சூடேறியதும் மறுபடி பாருங்கள். மீட்டரின் முனைகளை மாட்யூலின் பேடில் வைக்காமல் லோடின் முனையில் வையுங்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரை ஒரு மீட்டர் தூரம் இழுத்தால், போகவர இரண்டு மீட்டருக்குத் தடை 0.07 ஓம். 2 ஆம்ப் ஓடினால் 0.14 வோல்ட் வயரிலேயே போய்விடும். அதைச் சரிக்கட்ட மாட்யூலில் 5.15 வைக்கலாம்; ஆனால் லோடு குறையும்போது அந்த 5.15 முழுதாக லோடுக்குப் போகும். வயரைத் தடிமனாக்குவதே சரியான வழி.

சூட்டையும் கவனியுங்கள். 12-லிருந்து 5 வோல்ட், 2 ஆம்ப் என்றால் வெளியீடு 10 வாட். 80 சதவீதத் திறனில் 2.5 வாட் பலகையிலேயே சூடாக மாறும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது அதிகம். மாட்யூலில் 3 ஆம்ப் என்று போட்டிருப்பது சிப்பின் எல்லை. இந்த அளவுள்ள பலகையில் ஹீட்சிங்க் இல்லாமல் தொடர்ந்து அதை எடுக்க முடியாது. இன்னொன்று: சந்தையில் எல்எம்2596 என்று அச்சிட்டுவரும் சில சிப்கள் 150 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 50 கிலோஹெர்ட்ஸ் அருகே ஓடுகின்றன. 52 கிலோஹெர்ட்ஸ் என்பது பழைய எல்எம்2576-இன் வேகம். வோல்டேஜ் சரியாகவே செட் ஆகும், ஆனால் அதே காயிலில் ரிப்பிள் கரன்ட் (ஏறி இறங்கும் கரன்ட்) மூன்று மடங்காகும், காயில் சூடாகும். ஆசிலோஸ்கோப் இருந்தால் ஸ்விட்ச் பின்னில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பிரீசெட் விட்டுப்போனால்

பிரீசெட்டுக்குள் ஒரு சிறு உலோக நாக்கு, தடைப் பட்டையின் மேல் உராய்ந்து நிற்கிறது. தூசி, ஈரம், அதிர்வு, தேய்மானம் எல்லாம் சேர்ந்து அந்தத் தொடுகை ஒருநாள் விட்டுப்போகலாம். 3296 வகை பிரீசெட்டின் தரவுத்தாளில் ஆயுள் 200 சுழற்சி என்றுதான் போட்டிருக்கிறது. ஒருமுறை செட் செய்து விட்டுவிடுவதற்கான பொருள் அது. தினமும் திருப்பும் குமிழுக்கானது அல்ல.

இந்த மாட்யூலில் பிரீசெட் மேல் பக்கம், அதாவது ஆர்2 இடத்தில் இருக்கிறது. நாக்கு தூக்கிக்கொண்டால் ஃபீட்பேக் பின்னை 330 ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு இழுத்துவிடும். வெளியீடு சுத்தமாக இல்லை என்று சிப் நினைத்து ஸ்விட்ச்சை முழுக்க ஆன் செய்யும். 5 வோல்ட் லைனில் 11 வோல்ட் வந்து நிற்கும். நாக்கை பிரீசெட்டின் ஒரு முனையோடு சேர்த்து இணைத்திருந்தாலும் பயனில்லை: தடை 10 கிலோ ஓம் ஆகும், கேட்கும் வோல்டேஜ் 38.5, கிடைப்பது மறுபடியும் உள்ளீட்டு வோல்டேஜ். பூஸ்ட் மாட்யூலில் இது இன்னும் மோசம். அங்கே உள்ளீடு என்ற உச்சவரம்பும் கிடையாது. சிப்போ கெபாசிட்டரோ உடையும்வரை வோல்டேஜ் ஏறும்.

கீழ்ப் பக்க ரெசிஸ்டர் விட்டுப்போனால் நடப்பது நேரெதிர். வெளியீடு முழுதும் ஃபீட்பேக் பின்னுக்கு வரும், சிப் 1.23 வோல்ட்டிலேயே நின்றுவிடும். லோடு அணையும், அவ்வளவுதான். தொழிற்சாலை மாட்யூல்களை வடிவமைப்பவர்கள் இதை யோசித்துத்தான் செய்கிறார்கள். முராட்டாவின் ஓகேஆர்-டி வரிசையில் மேல் ரெசிஸ்டர் மாட்யூலுக்குள்ளேயே இருக்கும். நாம் வெளியே போடுவது டிரிம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரே ரெசிஸ்டர். கிலோ ஓமில் அதன் மதிப்பு 1.182 ÷ (வெளியீடு − 0.591). 3.3 வோல்ட்டுக்கு 436 ஓம், 5 வோல்ட்டுக்கு 268 ஓம். அந்த ரெசிஸ்டரின் சால்டர் விட்டால் வெளியீடு 0.591 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

நம் பலகையில் இருப்பதை வைத்தே இதைக் கட்டுப்படுத்தலாம். பலகையின் அடிப்பக்கத்தில் பிரீசெட்டுக்கு இணையாக ஒரு 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சால்டர் செய்யுங்கள். இனி பிரீசெட் முழுக்க விட்டுப்போனாலும் ஆர்2 என்பது 1.2 கிலோ ஓமைத் தாண்டாது, வெளியீடு 5.7 வோல்ட்டில் நிற்கும். 5.7 நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் 11 வோல்ட்டில் செத்துப்போகும் பல போர்டுகள் 5.7-இல் பிழைக்கும். கூடவே இன்னொரு லாபம்: இப்போது 5 வோல்ட்டுக்கு பிரீசெட் சுமார் 6.4 கிலோ ஓமில், அதாவது 16-ஆவது சுற்றில் இருக்க வேண்டும். முன்பு திருகைக் கொஞ்சம் தொட்டாலே வோல்டேஜ் தாவிய இடத்தில், இப்போது ஒரு முழுச் சுற்றுக்கு 0.1 வோல்ட்கூட மாறாது. இரண்டாம் தசமம்வரை நிதானமாக வைக்கலாம்.

வோல்டேஜ் இனி மாறவே போவதில்லை என்றால் பிரீசெட்டை எடுத்துவிடுவதுதான் என் பரிந்துரை. 330 ஓமுக்கு எதிரே 1 கிலோ ஓம் போட்டால் 4.96 வோல்ட், 560 ஓம் போட்டால் 3.32, 2.7 கிலோவும் 180 ஓமும் தொடராகப் போட்டால் 11.97. ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போதும். கணக்கு அச்சாக வராது என்பதையும் எதிர்பாருங்கள்: 1.23 என்ற எண்ணே சிப்புக்குச் சிப் 1.193 முதல் 1.267 வரை இருக்கலாம். ரெசிஸ்டர் எவ்வளவு துல்லியமானாலும் இந்த மூன்று சதவீதம் வெளியீட்டில் தெரியும். கடைசி அளவு மீட்டரில்தான்.

மைக்ரோகன்ட்ரோலர் வழியாக மாற்றுவது

ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜை மாற்ற வேண்டுமென்றால், ஃபீட்பேக் பின்னுக்கு மூன்றாவது ரெசிஸ்டர் ஒன்றைக் (ஆர்3) கொண்டுவந்து அதன் மறுமுனையை ஒரு டாக் சிப்பின் (எண்ணை வோல்டேஜாக மாற்றும் சிப்) வெளியீட்டில் கட்டலாம். இப்போது கணக்கு:

வெளியீடு = 1.23 × (1 + ஆர்2 ÷ ஆர்1) + (ஆர்2 ÷ ஆர்3) × (1.23 − டாக் வோல்டேஜ்)

3 முதல் 12 வோல்ட்வரை வேண்டும், டாக் 0 முதல் 3.3 வோல்ட் கொடுக்கும் என்று வையுங்கள். ஆர்2 10 கிலோ, ஆர்1 1.65 கிலோ, ஆர்3 3.65 கிலோ. டாக் 0-இல் வெளியீடு 12.05, 3.3-இல் 3.01. எல்எம்2596-க்கு ஆர்1 என்பது 240 ஓமுக்கும் 1.5 கிலோ ஓமுக்கும் இடையில் இருக்கச் சொல்கிறது தரவுத்தாள். இங்கே ஆர்1-உம் ஆர்3-உம் இணைந்து 1.14 கிலோ ஓமாகத் தெரிவதால் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறோம். 12 பிட் எம்சிபி4725 டாக் போட்டால் ஒரு படிக்கு 2.2 மில்லிவோல்ட்.

டாக் இறங்கினால் வெளியீடு ஏறுகிறது என்பதைக் கவனித்தீர்களா? இதில்தான் ஆபத்து. டாக்குக்குப் பவர் வராதபோதும், புரோகிராம் இன்னும் தொடங்காத அந்தச் சில நூறு மில்லிநொடியிலும் டாக் பூஜ்யத்தில் இருந்தால் வெளியீடு 12 வோல்ட். டாக்கின் வயர் அறுந்தால் 8.7 வோல்ட். 3.3 வோல்ட் கேட்டு எழுதிய புரோகிராம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது தொடங்கும் முன்பே லோடு போய்விட்டிருக்கும். எம்சிபி4725-க்குள் ஈஈப்ராம் (பவர் போனாலும் மறக்காத நினைவகம்) இருப்பதால் பவர் வந்ததும் எந்த அளவில் தொடங்க வேண்டும் என்பதை அதிலேயே எழுதிவைக்கலாம். முழு அளவை எழுதிவையுங்கள். அதோடு நிற்காமல் சிப்பின் ஐந்தாவது பின்னான ஆன்-ஆஃப் பின்னையும் பயன்படுத்துங்கள். மாட்யூலில் அது கிரவுண்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். காலை மெல்ல நிமிர்த்தி எடுக்க வேண்டும். அந்தப் பின் தாழ்ந்திருந்தால் ஆன், 2 வோல்ட்டுக்கு மேல் என்றால் ஆஃப். சும்மா தொங்கவிட்டாலும் ஆன் ஆகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. உள்ளீட்டிலிருந்து 47 கிலோ ஓம் வழியாக அதை மேலே இழுத்துவைத்து, புரோகிராம் டாக்கைச் சரிபார்த்த பிறகு ஒரு டிரான்சிஸ்டரால் கீழே இறக்குங்கள். அந்தப் பின்னின் தாங்குதிறன் 25 வோல்ட். 24-க்கு மேற்பட்ட உள்ளீட்டில் கிரவுண்டுக்கு இன்னொரு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்துக்கொடுக்க வேண்டும்.

டாக்குக்குப் பதில் பிடபிள்யூஎம் (வேகமான பல்ஸின் ஆன் நேரத்தை மாற்றிச் சராசரி வோல்டேஜை மாற்றும் முறை) பயன்படுத்துவோர் உண்டு. ஆர்3-ஐ இரண்டு 1.8 கிலோவாகப் பிரித்து நடுவிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் போடுவார்கள். ஃபீட்பேக் பின்னிலேயே நேராகக் கெபாசிட்டரைப் போட்டால் கட்டுப்பாடு தாமதமாகி வெளியீடு ஆடத் தொடங்கும். நடுவில் போடுவதே சரி. ஆனால் 1 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் கொடுத்தால் இந்த ஃபில்டர் போதாது. வெளியீடு மொத்தமாக 0.2 வோல்ட் அளவுக்கு மேலும் கீழும் அந்த 1 கிலோஹெர்ட்ஸிலேயே ஆடும். ரெகுலேட்டர் அதை உங்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டு உண்மையாகவே பின்தொடரும். ஈஎஸ்பி32-இல் 12 பிட்டில் 19.5 கிலோஹெர்ட்ஸ்வரை போகலாம். அப்போது அது 10 மில்லிவோல்ட் அளவுக்கு அடங்கும்.

வோல்டேஜை இறக்கும்போது வேறொன்று தெரியும். 12-லிருந்து 3-க்குக் கட்டளை கொடுத்தும் மீட்டர் மெதுவாக, சில நொடி எடுத்து இறங்கும். எல்எம்2596 வெளியீட்டுக்குக் கரன்ட் தள்ள மட்டுமே தெரிந்த சிப், உறிஞ்சத் தெரியாது. 220 மைக்ரோஃபாரடில் இருக்கும் சார்ஜை லோடுதான் குடிக்க வேண்டும். லோடு இல்லையென்றால் 11 கிலோ ஓம் ஃபீட்பேக் சங்கிலி வழியாக மட்டும் வடியும். வெளியீட்டில் 470 ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருந்தால் இது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறையும்.

பிஎம்பஸ் வழியில் எண்ணும் வோல்ட்டும்

சர்வர், நெட்வொர்க் பலகைகளில் உள்ள ரெகுலேட்டர்கள் ஐ2சி போன்ற இரண்டு வயரில் பிஎம்பஸ் கட்டளைகளை ஏற்கின்றன. வோல்டேஜை எழுதும் கட்டளையின் எண் பதினாறடிமானத்தில் 21. அதற்கு முன் படிக்க வேண்டியது 20-ஆம் எண்ணில் இருக்கும் அளவுமுறை. அது 2-இன் அடுக்கு: −12 என்றால் 1 வோல்ட்டுக்கு 4096, 3.3 வோல்ட்டுக்கு 13517 அனுப்ப வேண்டும். இன்னொரு நிறுவனத்தின் சிப்பில் அது −9 ஆக இருக்கலாம். அங்கே அதே 13517 அனுப்பினால் நீங்கள் கேட்பது 26.4 வோல்ட். அதைத் தடுப்பது 24-ஆம் கட்டளையில் எழுதிவைக்கும் உச்சவரம்பு. எனவே 21-ஐத் தொடும் முன் 24-ஐ எழுதுங்கள். 40-இல் இருக்கும் மிகைவோல்டேஜ் எல்லையையும் புதிய வோல்டேஜுக்கு ஏற்றபடி பாருங்கள், இல்லாவிட்டால் ஏற்றிய கணமே பாதுகாப்பு விழுந்து வெளியீடு அணையும். வெளியீடு எவ்வளவு என்பதைச் சிப்பே 8பி எண்ணில் சொல்லும். முதல் முறை அதை மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எழுதியது பவர் போனால் மறந்துபோகும். நிலையாக வைக்கச் சேமிப்புக் கட்டளை தனியாக உண்டு. எல்லா எல்லைகளையும் சோதித்து முடிக்கும்வரை அதைக் கொடுக்காதீர்கள். தவறான மதிப்பு சேமிக்கப்பட்டுவிட்டால் அடுத்த முறை பவர் கொடுத்ததும், நீங்கள் பஸ்ஸில் பேசும் முன்பே, அது வெளியீட்டில் வந்துவிடும்.

எந்த வழியில் செட் செய்திருந்தாலும், உண்மையான லோடை மாட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வெளியீட்டில் 12 வோல்ட் பல்ப் ஒன்றைக் கட்டி, மீட்டரை 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, பவரை அணைத்துவிட்டு பிரீசெட்டின் ஒரு காலையோ டாக்கின் வயரையோ கழற்றுங்கள். பவரைப் போட்டு என்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்கின் பவரை மட்டும் பிடுங்கி இன்னொரு முறை. கிடைத்த எண் உங்கள் லோடு தாங்கும் அளவுக்கு மேல் இருந்தால், இணை ரெசிஸ்டரின் மதிப்பையோ ஆர்3-இன் கணக்கையோ மாற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.